ஐந்நூறு சிசி வாயும் ஒரு கம்பி வளையமும்

பல் டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் வாய்க்குள் போகிற பொடிச் சாமான் எதுவானாலும், ஊசியோ திருகோ, அதற்குப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் பல் நூல் ஒரு முழம் கட்டாமல் உள்ளே விடமாட்டார். கை நழுவினால் நூலைப் பிடித்து இழுத்துவிடலாம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் நாற்காலியில் வாய் திறந்த ஒருவர்கூட எதையும் விழுங்கியதில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லோர் காதும் புளித்துப்போயிருந்தது. அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வண்டிக் கொட்டகையில் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

எஞ்சின் எதையோ விழுங்கிவிட்டது. அல்லது விழுங்கவில்லை. இரண்டில் எது என்று தெரியாததுதான் வினை.

வண்டி வந்த கதையைச் சொன்னால்தான் இந்தக் கவலை புரியும். மூன்று வருஷத்துக்கு முன் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ள ஒருவர் வந்தார். கப்பலில் எஞ்சின் பார்ப்பவர். பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் இருங்கள் என்றால், மனுஷன் போனை எடுத்து ஒரு படத்தை நீட்டினார். ஒற்றை சிலிண்டர், ஐந்நூறு சிசி, டூ ஸ்ட்ரோக். மண்ணிலும் மேட்டிலும் பாய்வதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள். இப்போது யாரும் செய்வதில்லை. எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, அக்கக்காகப் பிரித்து, மூன்று மரப்பெட்டிகளில் கொண்டுவந்திருந்தார். முட்டி தேய்ந்துவிட்டதால் விற்கப்போகிறாராம். இதெல்லாம் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதிக் காட்டியது. கீழே மூன்று நிபந்தனை: 'பெயின்ட் அடிக்கக் கூடாது. அருமை தெரியாதவனுக்கு விற்கக் கூடாது. என் முட்டி ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே ஒரு தரம் நான் வந்து உதைத்து ஸ்டார்ட் செய்வேன்.' டாக்டர் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் எழுதிய சீட்டுகளிலேயே அவ்வளவு சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டது அதுதான்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் நாளே டாக்டரைத் தூக்கிப் பூந்தொட்டி மேல் போட்டது. கிக்கரை அரைகுறையாக மிதித்தால் திருப்பி உதைக்கிற ஜாதி அது. அவர் மனைவி கணக்கு டீச்சர். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சண்டி" என்று பேர் வைத்தார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

சண்டியைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட காரியமா! பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். கிளினிக்கின் பெரிய சிரிஞ்சில் சொட்டுக் கணக்காக அளந்து கலப்பார். ஓட்டி வந்த ஒவ்வொரு ஞாயிறும் காற்று வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் கழற்றித் துவைத்து, பிழிந்து, எண்ணெய் தடவிக் கொடியில் காயப்போடுவார். டீச்சரின் புடவைக்குப் பக்கத்தில் அது சொட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வாங்கிய திட்டு தனி. போன வருஷம் எஞ்சினில் ஒரு கடகடச் சத்தம் கேட்டது. பிஸ்டன் தேய்ந்துவிட்டது. புதுப் பிஸ்டனுக்கு எழுதிப் போட்டு, அது கடல் தாண்டி வந்து சேரப் பதினோரு மாதம் ஆயிற்று. வந்த அதே வாரம் கப்பல்காரரின் போனும் வந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கப்புறம் ஆயுசுக்கும் கிக்கரைத் தொடக் கூடாதாம். ஞாயிறு காலையில் வருகிறேன் என்றார்.

பழைய பிஸ்டனோடு விட்டிருந்தாலும் வண்டி ஓடியிருக்கும். ஆனால் டாக்டருக்கு ஓர் ஆசை. அவர் வந்து உதைக்கும்போது அந்தக் கடகடப்பு இல்லாமல் குரல் சுத்தமாக இருக்க வேண்டும். கடைசித் தரம் அல்லவா?

சனிக்கிழமை மத்தியானம் சிலிண்டரைக் கழற்றி எடுத்தாயிற்று. இப்போது எஞ்சினின் அடிவயிறு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்த வாயில் ஒரு துணியை அடைத்துவிட்டுத்தான் மேலே வேலை செய்ய வேண்டும். டாக்டரும் அடைத்தார். புதுப் பிஸ்டனைப் பொருத்தி, குறுக்கே பின் என்கிற சின்ன இரும்புத் தண்டைச் செருகினார். அந்தப் பின் நகராமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள இரண்டு சின்னக் கம்பி வளையங்கள் உண்டு. மெக்கானிக்குகள் லாக் என்பார்கள். ஒன்றைப் போட்டாயிற்று. இன்னொன்றைக் கையில் எடுக்கும்போது மாமனார் வந்து நின்றார், கையில் தண்ணீர் டம்ளரும் அதற்குள் தன் பல் செட்டுமாக.

மூன்று பல் வைத்த செட். பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி வளைவு. டாக்டரே செய்து கொடுத்தது.

"மாப்பிள்ளை, ஒரு பக்கம் குத்துது."

"கடினமா ஏதாவது கடிச்சீங்களா மாமா?"

"சேச்சே. நானா?"

எண்ணெய்க் கையைத் துடைக்கத் துணி தேடிய டாக்டர், எஞ்சின் வாயிலிருந்த துணியையே உருவித் துடைத்தார். செட்டைக் கழுவிப் பார்த்து, உறுத்திய முனையைப் பொடி உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி டம்ளரில் போட்டு மேஜை மேல் வைத்தார். "ஒரு நிமிஷம் இருங்க மாமா. இதை மட்டும் போட்டுட்டு, மறுபடி ஒரு தரம் கழுவித் தர்றேன்." திரும்பி, லாக்கை விரலால் அழுத்தினார்.

டிங்!

கையில் லாக் இல்லை. எஞ்சின் வாயில் துணியும் இல்லை.

"ஐயய்யோ!" என்று அவர் போட்ட கூச்சலில் மாமனார் நடுங்கிப்போனார். டம்ளரை எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டார்.

ஒரு ரூபாய்க் காசு அளவுகூடப் பெறாத கம்பிதான். மாற்றிப் போடப் பழைய லாக்குகள் இருக்கின்றன. ஆனால் பறந்த லாக் எங்கே விழுந்தது? தரையில் என்றால் தொல்லையில்லை. அடிவயிற்றுக்குள் விழுந்திருந்தால், ஸ்டார்ட் செய்த மறு விநாடி அது சுழலில் சிக்கி உள்ளே எல்லாவற்றையும் பிறாண்டிவிடும். அப்புறம் சண்டி பழைய இரும்புக்குத்தான். வெளியே எடுக்கவோ எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்தால் திரும்ப மூடத் தேவையான சீல்கள் வர இன்னொரு பதினோரு மாதம். ஞாயிறு காலைக்கு இருந்தது பதினெட்டு மணி நேரம்.

டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளினிக்கிலிருந்து வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து எஞ்சின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். ஒரே எண்ணெய் மினுமினுப்பு. கம்பியில் காந்தத்தைக் கட்டி இறக்கினார். உள்ளே இருப்பதெல்லாம் இரும்பு. காந்தம் போன இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. வண்டியைப் பழைய மெத்தை மேல் இடம் வலமாகச் சாய்த்து ஆட்டினார். ஒன்றும் விழவில்லை. கையால் மெல்லச் சுற்றிக் காதை வைத்துக் கேட்டார். உரசியது போலவும் இருந்தது, உரசாதது போலவும் இருந்தது.

சத்தம் கேட்டு டீச்சர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் திட்டப்போகிறார் என்று டாக்டர் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டார். டீச்சர் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு சாக்பீஸோடு வந்து கொட்டகைத் தரை முழுக்கக் கட்டம் போட்டார்.

"அறுபத்து நாலு கட்டம். ஒரு கட்டம் முடிச்சுட்டுத்தான் அடுத்தது. தவ்வக் கூடாது. புரியுதா?"

"புரியுது டீச்சர்," என்றார் டாக்டர். வேறு வழி?

இரண்டு பேரும் தவழ்ந்து தேடினார்கள். மூன்று வருஷத்துக்கு முன் தொலைந்த டீச்சரின் கம்மல் திருகாணி கிடைத்தது. லாக் கிடைக்கவில்லை. அறுபத்து நாலாவது கட்டத்தையும் அடித்துவிட்டு டீச்சர் நிமிர்ந்தார்.

"அப்பா வேற மத்தியானத்துலேர்ந்து கதவைச் சாத்திக்கிட்டு இருக்காரு. சாப்பாடு வேணாமாம். பால் மட்டும் போதுமாம். உங்க கூச்சல்ல கோவிச்சுக்கிட்டாருன்னு நினைக்கிறேன்."

டாக்டருக்கு அதுவும் சேர்ந்து மனசு கனத்தது.

படுக்கப் போகும் முன் ஒரு கெட்ட யோசனை வந்தது. பழைய லாக்கைப் போட்டு மூடிவிட்டால்? ஒரு நிமிஷ ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். கப்பல்காரர் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போவார். அப்புறம் வண்டி என்ன ஆனால் என்ன? யோசித்துப் பார்த்தார். உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாமல் ஒரு வாயைத் தைத்து மூடிய மாதிரி இருந்தது. முடியாது என்று புரண்டு படுத்தார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கப்பல்காரர் வாடகைக் காரிலிருந்து இறங்கினார். ஒரு கையில் ஊன்றுகோல். மறு கையில் பை, பைக்குள் பளபளவென்று துடைத்த ஒற்றை பூட்ஸ். உதைக்கிற வலது காலுக்கு மட்டும். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அண்ணே, முதல்ல உட்காருங்க. ஒரு தப்பு பண்ணிட்டேன்."

ஒன்று விடாமல் சொன்னார். துணியை உருவியதையும் மறைக்கவில்லை. கப்பல்காரர் சண்டியின் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய லாக்கைப் போட்டு மூடியிருக்கலாமே டாக்டர். எனக்கா தெரியப்போகுது?"

"புத்தி அங்கதான் போச்சு அண்ணே. கை வரல."

"ம்." பூட்ஸை மெதுவாகப் பைக்குள் திருப்பி வைத்தார். "வராம இருந்ததே நல்லது. விடுங்க. எல்லாம் சரியான அப்புறம் நீங்க உதைங்க. நான் நாற்காலியில உட்கார்ந்து கேட்டுக்கறேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

டீச்சர் டீ கொண்டுவந்தார். பின்னாலேயே மாமனார், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து கதவோரம் நின்றார். "எவ்வளவு பெரிசு அது?" என்று கப்பல்காரர் கேட்க, டாக்டர் பழைய லாக் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"மாப்பிள்ளை," என்றார் மாமனார். "அதை இப்படிக் காட்டுங்க."

கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். முகம் போன போக்கே சரியில்லை. உள்ளே போனவர், நான்காக மடித்த ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். டாக்டர் பிரித்தார். உள்ளே, கழுவித் துடைத்த புத்தம் புது லாக்.



"நேத்து நீங்க கத்துனீங்களே, என் பல்லைப் பார்த்துத்தான் கத்துறீங்கன்னு நினைச்சேன். ரூமுக்குப் போய்ப் பார்த்தா, டம்ளர் அடியில கம்பி கிடக்கு. என் செட்டுதான் உடைஞ்சு போச்சுன்னு..." குரல் தேய்ந்தது. "நேத்துக் காலையில ஒளிச்சு வச்சு நாலு பாதாம் கடிச்சேன் மாப்பிள்ளை. கடிக்காதீங்கன்னு நீங்க படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தீங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

டாக்டர் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். எண்ணெய்ச் சட்டையோடுதான். போன உயிர் திரும்பி வந்துவிட்டது என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"மாமா, நீங்க தெய்வம்!"

"தெய்வம் நேத்து மத்தியானத்துலேர்ந்து பட்டினி."

டீச்சர்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் செட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு கம்பியும் பத்திரமாக இருந்தன. "ஒண்ணும் ஆகல மாமா. போட்டுக்கிட்டுப் போய்ச் சாப்பிடுங்க." மாமனார் போனார். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்த மிச்சம் இரண்டு பாதாமையும் மாப்பிள்ளை கையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் வேலை நடந்தது. எஞ்சின் வாயில் புதுத் துணி. டாக்டர் ஒரு முழம் பல் நூலை நறுக்கி லாக்கில் கட்டினார். நூலின் மறு முனையைக் கப்பல்காரர் விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். லாக் தன் பள்ளத்தில் 'க்ளக்' என்று உட்கார்ந்தது. டாக்டர் நூலை அறுத்து உருவினார்.

"லாக்?" என்றார் டீச்சர், சாக்பீஸோடு சுவரருகே நின்று.

"ரெண்டு. ரெண்டும் இடத்துல இருக்கு."

"துணி?"

"வெளியே எடுத்தாச்சு."

"நூல்?"

"இதோ, என் பாக்கெட்ல."

மூன்றுக்கும் சுவரில் சரி போட்ட பிறகுதான் சிலிண்டரை மூட அனுமதி கிடைத்தது.

பதினொன்றரை மணிக்கு வண்டியை வாசலுக்குத் தள்ளினார்கள். கப்பல்காரர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏறி நின்றார். கிக்கரை மெல்ல அழுத்தி, பிஸ்டன் உச்சிக்கு வருகிற இடத்தைக் காலாலேயே தேடினார். முதல் உதை, வெறும் பெருமூச்சு. இரண்டாவதில் சண்டி திருப்பி உதைத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டிலில் சாய்ந்தார்.

"போதும் அண்ணே, நான் உதைக்கிறேன்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

மூன்றாவது உதைக்குச் சண்டி பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, நீலப் புகை கிளம்பியது, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் தட்டோடு ஓடிவந்தார். கடகடப்பு இல்லை, உரசல் இல்லை. சுத்தமான குரல். கப்பல்காரர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு தானே அணைத்துவிட்டு இறங்கினார்.

"டாக்டர், அந்த நூலைக் குடுங்க."

"எதுக்கு அண்ணே?"

"நாளைக்கு என் முட்டிக்குள்ள என்னென்னமோ விடப்போறாங்க. எதை விட்டாலும் இதைக் கட்டிட்டு விடுங்கன்னு சொல்லணும்." சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "ஒரு மாசமாத் தூக்கமில்ல டாக்டர். பயமா இருக்கு. வீட்டுலகூடச் சொல்லல. ஆனா இப்ப கொஞ்சம் தேவல. உங்களை மாதிரி அங்கயும் ஒருத்தர் இருப்பாருல்ல?"

"இருப்பாரு. ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்துட்டுத்தான் தைப்பாங்க அண்ணே."

டாக்டர் பாக்கெட்டிலிருந்த நூலைக் கொடுக்கவில்லை. உள்ளே போய், பிரிக்காத பல் நூல் டப்பா ஒன்றை எடுத்து வந்து, அவர் கழற்றி வைத்த பூட்ஸுக்குள் போட்டார்.

"முட்டிக்கு ஒரு முழம் பத்தாது," என்றார். "இது ஐம்பது மீட்டர்."