நான்காம் எண் பெட்டி

மோகனப்பிரியாவின் நோட்டில் எட்டு விதிகள் இருந்தன. நேரம் தவறாதே. பொய் சொல்லாதே. காரணமில்லாமல் கோபப்படாதே. இப்படியே போய் எட்டாவதாக, செய்த தப்பை மறைக்காதே. ஞாயிறுதோறும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவாள். எந்த விதியை மீறினாலும் அதற்கு நேராகச் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி. பொறாமைக்கு மட்டும் விதி கிடையாது. அந்தக் குணம் தன்னிடம் இருப்பது நோட்டு வாங்கிய அன்று அவளுக்குத் தெரியாது.

தெரியவைத்தவள் செவ்வந்தி.

பகலில் மோகனா ஒரு பம்ப்செட் கம்பெனியின் ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கணபதி ஏரியாவில், மோட்டார் காயில் கட்டும் கடையின் மாடியில், தம்பிதுரை சாரின் தரப் பரிசோதனை வகுப்பு. செவ்வந்தி காரமடையிலிருந்து பஸ்ஸில் வருவாள். தினமும் பத்து நிமிடம் லேட். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்தான் நோட்ஸ் எழுதுவாள். விதியும் இல்லை, கட்டமும் இல்லை. ஆனாலும் அவள் உள்ளே நுழைந்தால் வகுப்பே நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுக்கும். சார்கூடத் திட்டிக்கொண்டே சிரிப்பார்.

மூன்றாவது வாரம் மோகனா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதே எட்டு விதிகளை எழுதி, மேலே 'செ' என்று போட்டாள். நேரத்துக்கு எதிரே புள்ளிகள் மளமளவென்று சேர்ந்தன. ஒவ்வொன்றையும் வைக்கும்போது நெஞ்சு குளிர்ந்தது. மற்ற ஏழு வரிசையும் வெறுமையாகவே கிடந்தன. கோபத்துக்காகப் பத்தொன்பது நாள் காத்திருந்தாள். பொறுக்காமல் ஒருநாள் செவ்வந்தியின் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வைத்தாள்.

"அய்யோ, இத்தன தாகமா புள்ள? இரு, ரொப்பிட்டு வாரேன்" என்று அவள் படியிறங்கிப் போனாள்.

அன்று மோகனா தன் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் பெரிய கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். சார் ஒரே ஒரு பெயர்தான் அனுப்பலாம். வெள்ளிக்கிழமை டெஸ்ட் வைத்து முடிவு செய்வதாகச் சொன்னார். பத்து இரும்புக் கம்பிகளின் குறுக்களவை மைக்ரோமீட்டரில் பார்த்து எழுத வேண்டும். இரண்டு வருடம் ஸ்டோரில் நின்று கால் கடுத்துப்போன மோகனாவுக்கு அந்த வேலை வேண்டும். அது செவ்வந்திக்குப் போய்விடக் கூடாது என்பதும் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். மாடியில் யாரும் இல்லை. அவளுடைய மைக்ரோமீட்டர் ஏழாம் எண் பெட்டியில் இருந்தது. அவள் திறந்தது செவ்வந்தியின் நான்காம் எண் பெட்டியை. செவ்வந்தி அந்தக் கருவியின் வளைவுக்குள் சுண்டுவிரலை விட்டு, கட்டைவிரலால் உருட்டி, ஒரே கையால் அளப்பாள். மோகனாவுக்கு இரண்டு கையும் வேண்டும். யாரும் பார்க்காதபோது ஒருதரம் அப்படிப் பிடித்துப் பார்க்கலாமென்று தோன்றியது. பிடித்தாள். வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

எடுத்து, கம்பி எதுவும் வைக்காமல் கருவியை மூடிப் பார்த்தாள். பூஜ்யத்தில் நிற்க வேண்டிய கோடு இரண்டு கோடு தள்ளி நின்றது. திருப்பிச் சரிசெய்யும் சின்னச் சாவி அதே பெட்டியில்தான் இருந்தது. ஒரு நிமிட வேலை. படியில் சாரின் செருப்புச் சத்தம் கேட்டது. பெட்டியை மூடிவிட்டாள்.

செவ்வந்தி மூச்சிரைக்க வந்தாள். "துடியலூர்ல ஒரே டிராபிக்குங்க சார்!"

"உனக்கு மட்டும் தினமும் டிராபிக்கு. உக்காரு அம்மணி, எல்லாரும் ஆரம்பிச்சுட்டாங்க."

அவசரத்தில் அவள் பூஜ்யம் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த மோகனா அதைக் கவனித்தாள். முதல் கம்பிக்கே சொல்லியிருக்கலாம். மூன்றாவதற்குச் சொல்லியிருக்கலாம். பத்தும் முடிந்தது.

சார் தாளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "பத்தும் தப்பு. பத்தும் ஒரே அளவுக்குத் தப்பு. ஜீரோ பாத்தியா?"

"இல்லீங்க சார். லேட்டாச்சுன்னு அப்படியே அளந்துபோட்டேன். என் தப்புதானுங்க."

தப்பை ஒப்புக்கொள்வதிலும் அவள் முந்திக்கொண்டாள். சார் பெருமூச்சு விட்டார். "மோகனா, உம்பேரத்தான் அனுப்பறேன். திங்கக்கிழமை லெட்டர் போயிரும்."

வீட்டுக்கு வந்து எட்டாம் விதிக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தாள். எப்போதும் புள்ளி வைத்ததும் மனசு லேசாகிவிடும். அன்று ஆகவில்லை. இன்னொன்று வைத்தாள். பேனாதான் தீர்ந்தது.

சனிக்கிழமை வகுப்புக்கு முன் செவ்வந்தி படிக்கட்டில் உட்கார்ந்து பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். மோகனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன்ர பொட்டிய நாந்தான் எடுத்தேன். கீழ உழுந்துருச்சு."

"எப்ப?"

"நேத்து, நீ வாரதுக்கு முன்னால."

"ஜீரோ போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

பப்ஸைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள் செவ்வந்தி. "குழி இருக்குதுன்னா வழியில போறவங்களுக்குக்கூடச் சொல்லுவாங்க. நான் ஒண்ணொண்ணா அளக்கறேன், நீ பக்கத்துல உக்காந்து வேடிக்க பாத்திருக்கற. அப்படி என்ன புள்ள பண்ணிப்போட்டேன் உனக்கு?" "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுது? எந்திரி, சார்கிட்டச் சொல்லு."

சார் முழுவதும் கேட்டுக்கொண்டார். பத்துக் கம்பியையும் மேஜையில் பரப்பினார். "ஏழாம் நம்பர் பொட்டிய அவகிட்டக் குடு."

மோகனாவின் மைக்ரோமீட்டரை வாங்கி, செவ்வந்தி முதலில் பூஜ்யம் பார்த்தாள். பிறகு ஒரே கையால், முகம் சிவந்தபடியே, பத்தையும் அளந்தாள். பத்தும் சரி. சார் லெட்டரில் இருந்த பெயரை அடித்துவிட்டு, செவ்வந்தி என்று எழுதினார்.

"ஒத்துக்கிட்டது நல்லதுதான் கண்ணு" என்றார் மோகனாவிடம். "ஆனா அவ பத்து நிமிசம் லேட்டு. நீ ஒரு நாள் லேட்டு."

அன்று வீட்டில் புதுப் பேனாவைத் திறந்து, தன் பக்கத்தில் நேரத்துக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தாள். அந்த வரிசையில் அதுதான் முதல் புள்ளி. பிறகு ஆவலோடு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பத்தொன்பது நாள் காத்திருந்தும் வராத கோபம் கடைசியில் வந்துவிட்டதே. பேனாவைத் தாளருகே கொண்டுபோனாள்.

காரணமில்லாமல் கோபப்படாதே என்று அவளுடைய சொந்தக் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

பேனாவை மூடினாள். கோபப்பட்டும் அந்த வரிசை வெறுமையாகவே கிடந்தது. அதைப் பார்த்தும் வயிறு எரிந்தது.