ஏழாம் எண் பருத்தி

சங்கரநயினார் அண்ணாச்சியை நான் நம்பினேன். எங்கள் பருத்திப் பண்ணையின் பெரிய அதிகாரி. நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டார். அதை நம்பிய என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

லாயல்பூர் இனாயத்தும் நானும் பம்பாயில் ஒரே அறையில் தங்கிப் பருத்தி ஆராய்ச்சி படித்தவர்கள். தேசம் இரண்டாகி அவன் பாகிஸ்தான்காரன் ஆன பிறகும் எங்கள் சோதனை நிற்கவில்லை. பூச்சி தாங்கும் பருத்தி இரண்டு நாட்டுக்கும் வேண்டியிருந்தது. அவன் விதையைச் சங்கரன்கோவிலில் நான் விதைத்தேன், என் விதையை அங்கே அவன் விதைத்தான். பொட்டலத்தில் எண் மட்டும்தான் இருக்கும். பெயர் தெரிந்தால் கை ஓரவஞ்சனை செய்யும் என்று, எந்த எண் எந்த ரகம் என்ற பெயர்ப்பட்டியலை அறுவடைக்குப் பிறகுதான் மாற்றிக்கொள்வது எங்கள் ஏற்பாடு.

ஐம்பத்தொன்று பங்குனியில் அவனுடைய ஏழாம் எண் மட்டும் எங்கள் கரிசலில் பூச்சிக்கு அசையாமல் நின்றது. அங்கே என்னுடைய மூன்றாம் எண். அவன் பட்டியல் சொன்னபடி வந்து சேர்ந்தது. என்னுடையதை உறையிலிட்டு அண்ணாச்சியிடம் கொடுத்தேன். வெளிநாட்டுத் தபால் அவர் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆடியில் இனாயத் எழுதினான்: “உன் பட்டியல் இன்னும் வரவில்லை. தபால்தான் சரியில்லை. உன்மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது.”

அண்ணாச்சி சாப்பிடப் போன நேரம் அவர் மேசை டிராயரைத் திறந்தேன். என் உறை ஒட்டிய தபால்தலையோடு அங்கேயே கிடந்தது. அதன் அடியில் அச்சான அறிக்கை. ஏழாம் எண் அவரே கண்டுபிடித்த ரகமாம். இனாயத் பெயர் எங்கும் இல்லை. உதவியவர் என்று என் பெயர் இருந்தது.

அவர் கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“என்ன அண்ணாச்சி இது?”

“ஏம்வே நல்லகண்ணு, கெடந்து துள்ளுதீரு? காஷ்மீர்ல சண்டைக்கு வந்தவனுக்கு நம்ம விதை வெவரத்தக் குடுக்கச் சொல்லுதீரா?”

“அவன் விதைய மட்டும் நாம எடுத்துக்கிடலாமாக்கும்?”

“ஓம்ம பேரும் இருக்குல்லா. பேசாம இரும்.”

பாதி சிவன், பாதி பெருமாள் என்று ஒரே உடம்பாக நிற்கிற சாமியைத் தினமும் கும்பிடுகிற மனுஷன் இவர்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதி, பட்டியலையும் உள்ளே வைத்து, அன்றைக்கே நானே ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தேன்.

ஐப்பசியில் அது பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அறிக்கையை எல்லாப் பண்ணைகளுக்கும் அனுப்புவது வழக்கம். லாயல்பூருக்கு உரிய பிரதியை மட்டும் அண்ணாச்சி ஒருநாள்கூடத் தாமதப்படுத்தவில்லை. என் கடிதத்துக்கு முன்பே அது இனாயத் கைக்குப் போயிருக்கும்.

உறையின் மேல் பச்சை மசியில் ‘வாங்க மறுப்பு’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. தபால்காரன் எழுதியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இனாயத்தின் கையெழுத்து எனக்குத் தெரியாதா?