இமை முடி வைத்த முதலை

அரசாங்கத் துறை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் போர்டு எழுதினேன். போர்ட் பிளேரில் நீங்கள் எங்காவது வண்டியை மெதுவாக ஓட்டியிருந்தால் அதற்கு நான்தான் காரணம். சுனாமி அடித்துக்கொண்டு போன என்னுடைய ‘முன்னே வேகத்தடை’ போர்டு ஒன்று, வயலுக்குள் புகுந்து தங்கிவிட்ட கடல் தண்ணீரில் நேராகப் போய் நின்றுகொண்டது. இரண்டு வருஷம் அந்த இடத்தில் டிங்கிப் படகுகள் வேகத்தைக் குறைத்துத்தான் போயின.

பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

டெலானிபூரில் எங்களுக்கு அடுத்த வீடு நாகலிங்கம். கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருந்து ரிட்டயர் ஆனவர். 2011-இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்களில் கூட்டம் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கடலோரமாகவே நடத்திக் கூட்டிக்கொண்டு போகலாம். கப்பல் நேரம், விமான நேரம், கடல் வற்றும் நேரம் மூன்றையும் ஒரே சுவரில் ஒட்டிவைத்தார். டூரிஸ்டுகள் எப்போது எந்தக் கரையில் குளிப்பார்கள், எந்தக் கரையில் சூரியன் விழுவதைப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். அவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து பர்மாநாலாவிலிருந்து தெற்கே நடப்பார். எட்டு கிலோமீட்டருக்கு மனித முகமே கிடையாது, அவருடைய முகத்தைத் தவிர.

அந்த முகத்தில் அறுபத்து மூன்று வயதில் மீசை கறுப்பு. சாயம் இல்லையாம். முப்பத்தோரு வருஷம் பெயின்ட் டப்பாவோடு குடித்தனம் நடத்தியவனிடம் சொல்கிறார்.

அதுவரைக்கும் எனக்கு அவரிடம் ஒன்றுமில்லை. நடக்கிறவர்களுக்கு எலுமிச்சம்பழச் சாதம் கட்டித்தர முடியுமா என்று என் மனைவி அலமுவைக் கேட்டார். கட்டினாள். தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லை என்றார். போனாள். முழங்கால் வலி என்று பதினோரு வருஷமாக ரேஷன் கடைக்குக்கூட என்னையே அனுப்புகிறவள், எட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டுச் செருப்பில் மணலோடு, முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மறுநாளும் போனாள்.

நாகலிங்கத்தண்ணன் நண்டுக்கு வழிவிட்டு நிற்கிறாராம். நாகலிங்கத்தண்ணனுக்கு அலைச் சத்தத்தை வைத்தே மணி தெரியுமாம். அண்ணன் என்றுதானே கூப்பிடுகிறாள், பிறகென்ன என்பீர்கள். இந்தத் தீவில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன், பாய், தாதா. அதை நம்பி ஒருவன் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? அந்த ஆளோ அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என்னை ‘மாப்ளே’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் அலமுவிடம், என்னோடும் நடக்கலாமே என்றேன்.

“நீங்க வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவீங்க,” என்றாள். “அண்ணன்கூடப் போனா கடல் கேக்குது.”

அன்று மத்தியானமே பழைய தகரம் ஒன்றைத் தேய்க்க உட்கார்ந்தேன்.

மேலே இந்தி, கீழே இங்கிலீஷ், நடுவில் வாயைத் திறந்த ஒரு முதலை. ‘ஜாக்கிரதை. முதலை நடமாடும் இடம். தண்ணீரில் இறங்காதீர்கள்.’ துறையில் வழக்கமாக எழுதும் வாசகம் அது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு போர்டிலும் நான் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்ததில்லை. அந்தப் பழக்கம்தான் பிற்பாடு காலை வாரியது.

வேலையில் இருந்தபோது போட்ட காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பர்மாநாலாவில் மணலுக்கு இறங்கும் வழியில் அதை நட்டேன், பட்டப்பகலில். காக்கிச் சட்டைக்காரன் போர்டு நட்டால் இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, “சாச்சா, தோடா சீதா கரோ,” என்றான். கொஞ்சம் நேராக்கினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் அலமு வீட்டில் இருந்தாள். நடக்க வந்தவர்கள் போர்டைப் பார்த்துப் பயந்து திரும்பிவிட்டார்களாம். கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழச் சாதம் எட்டுப் பேருக்கானது. அவ்வளவையும் நானே சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்துத் துறை ஜீப் அந்தப் பக்கம் போயிருக்கிறது. போர்டு இருக்கிறது, ரிஜிஸ்டரில் இல்லை. எங்கள் துறையில் ரிஜிஸ்டர் தப்பாகலாம், நட்டு நிற்கிற போர்டு தப்பாகாது. உடனே நம்பர் போட்டு ஏற்றிக்கொண்டார்கள். ஒரு கரைக்கு மட்டும் போர்டு இருந்தால் மற்ற கரைகளை ஏன் விட்டீர்கள் என்று மேலே கேட்பார்களே? எனக்குப் பின்னால் வந்த பெயின்டர் என் முதலையின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, கோடு மாறாமல் இன்னும் பத்து எழுதினார். மொத்தம் பதினோரு கரை. டூரிஸ்ட் கூட்டம் ரப்பர் மிதவைகளின் காற்றைப் பிடுங்கிவிட்டுக் காணாமல் போனது. நிஜ முதலை ஒன்று கரையேறி, போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாகவும் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, சத்தியம் செய்ய மாட்டேன்.

அலமுவுக்கு முழங்கால் வலி திரும்பி வந்தது. ரேஷன் கடைக்கு நான் போனேன். சந்தோஷமாகப் போனேன்.

மூன்றாவது வாரம் நாகலிங்கம் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். டிக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தே வாழ்ந்த மனிதர்.

“மாப்ளே, அந்தப் போர்ட நல்லாப் படிச்சுட்டேன். தண்ணில எறங்காதன்னுதான் போட்டிருக்கு. மணல்ல நடக்காதன்னு போடல. பதினோரு பீச்சு, ஒரு ஈ காக்கா கெடையாது. எழுதினவன் மகராசன். நாளைக்குக் கெளம்புறோம்.”

எங்கள் அடுப்படியில் அலமு அப்போதே எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்துவிட்டாள்.

இந்தத் தடவை நானும் போனேன். சாதத் தூக்கு என் கையில், வரிசையில் கடைசி இடம். முன்னால் நாகலிங்கம், அவருக்குப் பின்னால் அலமு, அப்புறம் கும்பகோணத்திலிருந்து வந்த வைஜெயந்தி என்ற தாவரவியல் டீச்சரும் அவருடைய சிநேகிதிகள் மூன்று பேரும். யாரும் பேசவில்லை. கடல் கேட்டது, ஒப்புக்கொள்கிறேன். நாகலிங்கம் நண்டுக்கு வழிவிட்டு நின்றார். நண்டும் வேண்டுமென்றே மெதுவாகப் போனது.

முதல் போர்டு என்னுடைய அசல். டீச்சர் அதன் முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“முதலைக்கு ஏது இமை முடி? இதுக்கு வரைஞ்சிருக்காங்களே.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கண் என்றால் ஒரே மாதிரிதான் வரும். கல்யாணமான புதிதில் அலமுவை எதிரே உட்கார வைத்துப் பழகிய கை. நீளமான கண், தாழ்ந்த இமை, இடது இமை முடியின் அடியில், பிற்பாடு கையோடு சேர்ந்துகொண்ட கடுகளவு மச்சம். சொட்டு மருந்து போர்டில் சிரிக்கும் குழந்தைக்கும் அதே கண்தான். முதலைக்கும் அதையே வைத்திருக்கிறேன். மச்சத்தோடு.

அலமு உற்றுப் பார்த்தாள். தன்னைக் கண்ணாடியில் மட்டுமே பார்க்கிறவளுக்கு மச்சம் மறுபக்கம்தானே? ஒன்றும் பிடிபடாமல் நடக்கத் திரும்பினாள். எனக்கு மூச்சு வந்தது.

நாகலிங்கம் நகரவில்லை.

“இது நம்ம அலமு கண்ணுல்ல?” என்றார். “மச்சங்கூட அப்படியே இருக்கு.”

அலமு போர்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் நகத்தடியில் இன்னும் போகாமல் இருந்த பச்சைப் பெயின்டையும் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். வரிசையின் கடைசிக்கு வந்து, சாதத் தூக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த வழியில இன்னும் மூணு இருக்காமே,” என்றாள். “எல்லாத்தையும் பாத்துட்டுதான் வீட்டுக்கு.”

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் அந்த மச்சம் இமை முடிக்கு அடியில் இருக்கிறது. அவள் இமையைத் தாழ்த்தியிருக்கும்போது பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எனக்கே அதைக் கண்டுபிடிக்க ஏழு வருஷம் ஆயிற்று. கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டிக்கெட் கிழித்த ஆள் எங்கே நின்று, எப்போது பார்த்தார்?

நாலாவது போர்டு வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கடல் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று அலமு இரண்டு தடவை சொன்னாள்.