அன்னாரின் வழியில் எல்யாகிம்

கட்சியின் பழைய தலைவர் ஹனோக், நிலத்தைக் கொடுத்தாவது பாலஸ்தீனர்களோடு சமாதானம் வேண்டும் என்றவர். இப்போதைய தலைவர் எல்யாகிம், ஒரு பிடி மண்கூடக் கிடையாது என்பவர். ஹனோக்கின் நினைவு நாளன்று, ஜெருசலேமில் அவருடைய கல்லறை முன்னால், அன்னாரின் வழியில் நடப்பதாக இவர் பேசியாக வேண்டும். பேச்சை எழுதுவது என் வேலை. தேர்தலோ நெருங்கிவிட்டது.

ஹனோக்கின் மகள் யெமிமா முன்கூட்டியே எனக்குப் போன் செய்துவிட்டாள். "எங்கப்பா சொல்லாததைச் சொன்னா, கேமரா முன்னாடியே எழுந்து போயிடுவேன், பாத்துக்கோ."

"அவர் சொன்னதையே போட்டுடலாமா?" என்று எல்யாகிமிடம் கேட்டேன்.

"நம்ம ஆளுங்களே என்னைக் கல்லால அடிப்பாங்க. சமாதானம்னு வர்ற இடத்தையெல்லாம் எடு."

எடுத்தேன்.

"நிலத்தையும் எடு. இதென்ன, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு? யாரது?"

"அவங்கதான்."

"அதையும் எடு."

மிஞ்சியது ஹனோக்கின் தேசப்பற்றும், உப்பு மீன்மேல் அவருக்கிருந்த பிரியமும். அதை வைத்தே எல்யாகிம் குரல் தழுதழுக்கக் கால் மணி நேரம் பேசினார். யெமிமா அசையாமல் கேட்டாள். முடிந்ததும் யூத வழக்கப்படி கல்லறைமேல் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு நேராக எங்களிடம் வந்தாள். எல்யாகிமுக்கு வியர்த்தது.

"அச்சு அசல் எங்கப்பாவேதான் நீ," என்றாள். "தேர்தல் வந்தா அவரும் சமாதானத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டாரு. அதெல்லாம் ஜெயிச்ச அப்புறம்தான்."

எல்யாகிம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவா சொல்லு யெமிமா. நம்ம ஆளுங்க காதுல விழுந்துடப் போகுது."