முத்துமீனா கையில் வைத்த பொருள்

1.
இந்தக் கதை ஓர் அறிக்கையின் மிச்சம். காதும் கண்ணும் இயங்காத மாணவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போகிறவர்களுக்கு நாகமலை புதுக்கோட்டையில் பயிற்சி தருகிறார்கள். வெளியே போய்ப் பழகிய ஒவ்வொரு நாளுக்கும் அறிக்கை கேட்பார்கள். அங்கே படிக்கும் ஷாஹீதா சொல்லச் சொல்ல, அவளுடையதை எழுதியவன் நான். அங்கங்கே மெருகேற்றினேன். எங்கெங்கே என்று இப்போது நினைவில்லை. ஆகவே வாசகர் என்னை முழுசாக நம்பிவிட வேண்டாம்.

2.
முதல் தொடக்கம்: செல்லூரின் இருண்ட சந்தொன்றில், ஒளியறியாத பெண்ணொருத்தி தன்...

(அடித்தாயிற்று. முத்துமீனா வீட்டில் இரண்டு ட்யூப்லைட் எரிகிறது.)

இரண்டாவது: பிளஸ் ஒன் சேர்க்கைக்கு, காதும் கண்ணும் இயங்காத முத்துமீனாவைக் கூட்டிக்கொண்டு ஷாஹீதா ஒரு பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியர் லட்சுமிநாராயணன் கேட்பதை ஷாஹீதா சைகையாக்க, அவள் கைகள்மேல் தன் கைகளை வைத்து முத்துமீனா தொட்டே அறிந்துகொள்வாள். பதிலைச் சைகையில் சொல்வாள். ஷாஹீதா அதை வாய்விட்டுச் சொல்வாள். அறையில் நடப்பதெல்லாம் கைக்குப் போக வேண்டும், கையில் வந்தது மட்டும் வாய்க்கு வர வேண்டும். பயிற்சியில் முதல் நாள் பாடமே இதுதான்.

ஏன் படிக்க ஆசை என்றார் அவர். கணக்குப் பிடிக்கும், வீட்டில் சும்மா இருந்தால் போரடிக்கிறது என்றாள் முத்துமீனா. ஷாஹீதாவுக்கு அது பத்தாது என்று பட்டது. சீட்டு கிடைக்க வேண்டுமே. தானே ஒன்று சேர்த்தாள்:

“கல்விதான் சார் எனக்குக் கண்ணு.”

அவர் பேனாவை மூடினார். “ஏம்மா, அம்புட்டும் அந்தப் புள்ள சொன்னதா, இல்ல ஒன் சரக்கா?”

3.
ஒரு சோதனை வைத்தார். ஷாஹீதா சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் ஒரு பொருளை முத்துமீனா கையில் கொடுத்து வாங்கிக்கொள்வார். என்னவென்று ஷாஹீதா வழியாக முத்துமீனா சரியாகச் சொன்னால் சீட்டு. இல்லையென்றால் பேசுவதெல்லாம் ஷாஹீதாதான் என்று எழுதிவிடுவார்.

(சைகை தெரிந்த பயிற்சியாளர் ரங்கநாயகி டீச்சரைக் கூப்பிடலாமே என்பீர்கள். ஷாஹீதாவும் கேட்டாள். “அந்தம்மாவும் ஒங்க ஆளுதானே” என்றுவிட்டார்.)

கொடுத்தார், வாங்கினார். ஷாஹீதா திரும்பியதும் முத்துமீனா கேட்டது, எதற்கு இதெல்லாம் என்று. சும்மா ஒரு விளையாட்டு என்று சொல்ல ஷாஹீதாவின் கை பாதிவரை போய்க் கூசி நின்றது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், தான் சேர்த்த அந்தக் ‘கண்ணு’ உட்பட.

முத்துமீனாவின் கைகள் மடிக்குப் போய்விட்டன. பிறகு வேகமாகத் திரும்பி வந்தன.

“நீ சேத்ததுக்கு எனக்கா பரீட்சை? சொல்ல மாட்டேன். அவருகிட்ட அப்படியே சொல்லு.”

4.
எனக்கே சந்தேகம் இங்கேதான். பொருள் என்னவென்று தெரியாத மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட வசதியான பதில் உண்டா? ஆனால் முத்துமீனாவின் விரல்களில் வெள்ளைப் பொடி இருந்தது. சாக்பீஸ் என்று சொன்னால் முடிந்தது வேலை.

ஒரு முடிவு: “சாக்பீஸ் சார்” என்கிறாள் ஷாஹீதா. சீட்டு கிடைத்து, முதல் நாள் வகுப்பில் முத்துமீனா...

(எழுத முடியவில்லை. அந்த வகுப்பில் பேசுவது யார், முத்துமீனாவா, ஷாஹீதாவா?)

இன்னொரு முடிவு: ஷாஹீதா நிமிர்ந்து, “நீ சேத்ததுக்கு எனக்கா பரீட்சை? சொல்ல மாட்டேன்” என்றாள். அவ்வளவுதான்.

லட்சுமிநாராயணன் கேட்டார்: “இது யாரு சொன்னது?”

ஷாஹீதா அந்தக் கேள்வியையும் முத்துமீனா கையில் சேர்த்தாள். முத்துமீனா பதில் சொன்னாள். அறிக்கையில் அது ஒரு வரி. முத்துமீனா சொன்னதா, நான் சேர்த்ததா என்று உறுதியில்லாததால் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

விண்ணப்பம் மேஜைமேல் கிடக்கிறது. தலைமையாசிரியர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.