மடிப்பு பின்பக்கம்

செல்வரட்ணம் பாரிஸிலிருந்து கொண்டுவந்த புதுக் கோட்டின் விலைச்சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அன்ரனிற்றா அலுமாரியிலிருந்து ஸ்கொட்லாந்து ஆண்கள் இடுப்பில் உடுக்கும் கில்டை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். கடும்பச்சையும் நீலமும் கட்டங்களாக ஓட, இடையே மெல்லிய மஞ்சள் கோடு போட்ட கனத்த கம்பளித் துணி.

"உதையே உடுத்திவிடப் போறாய்?"

"ஓம் அண்ணை."

"பிள்ளை, சனம் பார்க்க வரும். என்ர தம்பியைப் பாவாடையோட பெட்டிக்குள்ள கிடத்த என்னால ஏலாது."

போன கிழமை, விமான நிலையச் சமையலறையில் வேலை முடித்துத் திரும்பும்போது, ரயிலிலேயே பென்ஜமினுக்கு மாரடைப்பு வந்து உயிர் போனது. ஹம்பேர்க்கில் அவன் பெயரைச் சொன்னால் பாதித் தமிழருக்குத் தெரியாது. 'பாவாடை பென்ஜமின்' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஜெர்மன்காரர் சிலர் கூடி நடத்திய ஸ்கொட்லாந்து வாத்தியக் குழுவில் பெரிய மேளம் அடிப்பவன். போன வருடம் உலகக்கிண்ணப் பந்தாட்டத்தின்போது, கறுத்த முழங்கால் தெரிய மேளத்தோடு தெருவில் வந்தவனைக் கண்டு, தமிழ்க் கடை வாசலில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். அவன் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் பலமாக அடித்தான். தன் கணவனை நினைத்து அன்ரனிற்றா அன்றைக்குப் பட்ட பெருமையைக் கலியாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

செல்வரட்ணம் துணியைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"ஸ்கொட்லாந்திலை ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு குடும்பத்துக்கு எண்டு சொல்லுவினமே. உது ஆற்றை கட்டம்? நாளைக்கு ஆரும் வந்து கேட்டா என்ன சொல்லுவாய்?"

பாரிஸில் இத்தனை வருடம் இருந்தும் கேள்வி, குலம் விசாரிக்கும் அசல் யாழ்ப்பாணக் கேள்வியாகவே வந்தது. அன்ரனிற்றாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது.

"குடும்பத்துக்கும் இருக்கு, ஊருக்கும் இருக்கு. இது இந்தக் குழுவுக்கெண்டே நெய்விச்சது அண்ணை. நானும் இவரிட்டக் கேட்டனான். 'ஆற்றை மகன், எந்தப் பகுதி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நடையும் அடியும் சரியோ எண்டுதான் பார்த்தவை. சரியெண்ட உடனை உடுப்பைத் தந்தவை' எண்டார். தந்த அண்டைக்குக் கண்ணாடிக்கு முன்னால நிண்ட நிலையை நீங்கள் பார்த்திருக்கோணும்."

அவர் கோட்டை மடியில் வைத்துத் தடவினார்.

"அவையள் எல்லாரும் இதே கட்டத்தோடதான் பெட்டி தூக்க வருவினம். உள்ளுக்க இவர் மட்டும் கோட்டோட கிடந்தா, வேற ஆரோ மாதிரி இருக்கும். என்ர மனுசன் வேற ஆரோ மாதிரிப் போகக்கூடாது அண்ணை."

இத்தனை நாளும் அழாதவள் அப்போது அழுதாள். செல்வரட்ணம் கோட்டை மடித்துத் தன் பையில் வைத்தார்.

"தா பிள்ளை. நான்தான் உடுத்திவிடுவன். வேற ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்."

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் அவர் உள்ளே போய் வெகுநேரம் கதவைத் திறக்கவில்லை. பிறகு அவளைக் கூப்பிட்டார்.

வெள்ளைச் சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட கம்பளிக் காலுறையுமாகப் பென்ஜமின் பெட்டிக்குள் கிடந்தான். கில்டின் விளிம்பு முழங்கால் நடுவில் சரியாக நின்றது. ஆனால் மடிப்புகள் எல்லாம் முன்பக்கம் இருந்தன. சீலைக் கொய்யகம்போல ஒன்றன்மேல் ஒன்றாக, அத்தனை நேர்த்தியாக அடுக்கியிருந்தார். வேட்டியும் சீலையும் கண்டு வளர்ந்த எவரும் அப்படித்தான் உடுத்திவிட்டிருப்பார்கள்.

"எப்பிடி?" என்றார் செல்வரட்ணம். நெற்றி வியர்த்திருந்தது. வந்த நாளிலிருந்து முதன்முறையாக முகம் தெளிந்திருந்தது.

அன்ரனிற்றாவுக்குச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை.

"நல்ல வடிவா அடுக்கியிருக்கிறியள். ஆனா அண்ணை, முன்பக்கம் மட்டமா இருக்கோணும். மடிப்பு முழுக்கப் பின்பக்கம்."

"பின்னுக்குப் போனா ஆர் பாக்கிறது? அவன் நிமிர்ந்தெல்லோ கிடக்கிறான்."

"ஒருத்தரும் பாக்கமாட்டினம்தான். ஆனா அதுதான் முறை. இவர் ஒருநாளும் பிழையா உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டதில்லை."

வெளியே குழுக்காரர் யாரோ குழல்வாத்தியத்தின் பையில் காற்றை நிரப்பிச் சுருதி பார்த்தார்கள். செல்வரட்ணம் தம்பியின் முகத்தைப் பார்த்தபடி சற்று நின்றார். பிறகு இடுப்பிலிருந்த தோல்பட்டிகளை அவரே கழற்றினார். இருவருமாகத் துணியைச் சுற்றித் திருப்பினார்கள். முன்பக்கம் மட்டமாக விழுந்தது. குஞ்சம் வைத்த ஓரம் வலப்பக்கம் வந்தது. அன்ரனிற்றா கில்ட் ஊசியை மேல்துணியில் மட்டும் குத்தினாள். அடித்துணியையும் சேர்த்துக் குத்தக்கூடாது.

"சரி அண்ணை. அவையளை வரச்சொல்லுவம்."

"பொறு பிள்ளை. பின்னுக்குக் கசங்கிப்போய்க் கிடக்கும்."

அவர் குனிந்து, ஒரு கையைத் தம்பியின் இடுப்புக்கடியில் கொடுத்துச் சற்றே தூக்கினார். மற்றக் கையை உள்ளே விட்டு, யார் கண்ணுக்கும் படப்போகாத மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவத் தொடங்கினார்.