ஊர் போகாத சைக்கிள்

கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அதை அணைத்து, பெற்ற பிள்ளைகளின் தலைமேல் ஆணையாகச் சொல்லப்படுகிறது: இந்தக் கதையில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. குறைத்துச் சொன்னது வேண்டுமானால் இரண்டொரு இடத்தில் உண்டு. அதுவும் கேட்கிறவர்கள் நம்பமாட்டார்களே என்ற பயத்தால்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து நான்காவது வருஷம். பாலசமுத்திரம் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவிலேயே நிற்குமா, மதராஸில் போய்ச் சேருமா என்று டீக்கடைகளில் பேசிப் பேசி டீ ஆறிக்கொண்டிருந்த காலம். அந்தப் பேச்சில் தலையிடாத ஒரே ஆள், நாலு காணி கரும்பு வைத்திருந்த செங்கல்வராயன். அவனுக்கு அதைவிடப் பெரிய எல்லைத் தகராறு ஒன்று இருந்தது. நகரியில் மாமனார் வீராசாமி வீட்டுப் பந்தியில், மாமனாருக்கு வலது கைப்பக்கத்து இலை யாருக்கு என்பதுதான் அது.

பத்து வருஷமாக அந்த இலை அவனுடையது. மூத்த மகள் ரத்தினம்மாவைக் கட்டியவன் அல்லவா. இடது பக்கத்து இலை இளையவள் அலர்மேல்மங்கையின் புருஷன் கோவர்த்தனனுக்கு. கோவர்த்தனன் திருப்பதியில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தான். அந்தக் கடைக்குள் அவன் நுழைந்தால் அண்டா வெளியே வரவேண்டும், அவ்வளவு தொப்பை. ஆகையால் செங்கல்வராயன் அவன்மேல் பிரியமாகவே இருந்தான். வடை முதலில் வலது இலைக்கு, நெய் முதலில் வலது இலைக்கு, மாமியாரின் "போதுமா மாப்ள" முதலில் வலது இலைக்கு. இப்படி நடந்துகொண்டிருந்தவரை சகலைகளுக்குள் ஒரு மனஸ்தாபமும் இல்லை.

அந்த வருஷத் தீபாவளிக்குக் கோவர்த்தனன் பாதி ஆளாக வந்து இறங்கினான். வேட்டி அவனை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியிருந்தது. என்ன வியாதியோ என்று செங்கல்வராயன் நம்பிக்கையோடு விசாரித்தான். வியாதி இல்லையாம். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னாராம். ஊரைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போன ஒரு ரயில்வே துரையிடம் வீட்டுக்குள்ளேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்றை வாங்கிப் போட்டானாம். பின்சக்கரம் இல்லை, முன்னால் ஒரு கனத்த இரும்புச் சக்கரம், அதுவும் தரையைத் தொடாது. கைப்பிடியில் மைல் காட்டும் மீட்டர். இதுவரை முந்நூறு மைல் ஆயிற்றாம்.

மாமனார் வீராசாமி வெற்றிலையை மெல்ல மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"முந்நூறு மைலு. வாசப்படியத் தாண்டாம" என்றார். "எங்க நைனா காலத்துல முந்நூறு மைலு போறதுன்னா உயில் எழுதி வெச்சிட்டுப் போவாங்க. மாப்ள, நீ இப்டி வந்து குந்து."

அவர் தட்டிக் காட்டிய இடம் வலது பக்கம்.

இடது இலையில் உட்கார்ந்து செங்கல்வராயன் அன்று தின்ற வடைக்கு ருசியே இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு பானை மோரைக் குடித்தான். வயிற்றெரிச்சல் எந்த அளவில் இருந்தது என்றால், உள்ளே போன மோர் காய்ந்து உருகி நெய்யாகிவிட்டது. மூன்று நாள் அவனுக்கு நெய் ஏப்பம். கடையாமல் நெய் எடுக்கிற புருஷன் வாய்த்தும் வீட்டுக்கு ஒரு கரண்டி மிஞ்சவில்லையே என்று ரத்தினம்மா முணுமுணுத்தாள்.

நாலாம் நாள் வண்டி கட்டிக்கொண்டு சித்தூருக்குப் போனான். அங்கே சம்பத் என்பவன் பங்களாச் சாமான்களை வாங்கி விற்கிற கடை வைத்திருந்தான். கால் உடைந்த மேஜைகளுக்கும் தலை உடைந்த சிலைகளுக்கும் நடுவில், செங்கல்வராயன் தேடிப்போனதே நின்றிருந்தது. பழைய வண்டி என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சீட்டுத் தோல் வெடித்திருந்தது. ஒரு மிதிகட்டைக்குச் சணல் சுற்றியிருந்தது. செங்கல்வராயன் மாட்டுக்குப் பல் பார்க்கிற பழக்கத்தில் குனிந்து, சங்கிலியின் பற்களை எண்ணினான். எல்லாம் இருந்தது. இருந்தாலும் உதட்டைப் பிதுக்கி, பழசாச்சே என்றான்.

"பழசா? நல்லா கேட்ட போ" என்றான் சம்பத். "மத்த சைக்கிளு ஊரெல்லாம் சுத்தி தேஞ்சிப் போயி வந்திருக்கும். இது பொறந்ததுலேர்ந்து ஒரு அடி நகரல. இதப் போயி பழசுன்றியே."

செங்கல்வராயனுக்கு அது நியாயமாகப் பட்டது. அப்போதுதான் மீட்டரைப் பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டு.

"இந்த மைலு யாருதுபா?"

"சென பசுவ வாங்கினா வயித்துல கீற கன்னு யாருது?"

அதற்குமேல் பேரமே இல்லை. இரண்டு மூட்டை வெல்லத்தை இறக்கிவிட்டு, சைக்கிளை வைக்கோலில் படுக்கவைத்துக் கட்டிக் கொண்டுவந்தான். கோவர்த்தனனைவிட நூற்றுப் பன்னிரண்டு மைல் முன்னால் வந்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் வழியெல்லாம் மாடுகளோடு பேசிக்கொண்டு வந்தான்.

வண்டி ஊருக்குள் நுழைந்த மறுநாளே பஞ்சாயத்து குமாஸ்தா பாலையா வந்துவிட்டார். சைக்கிள் வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் வரி கட்டிப் பித்தளை வில்லை வாங்கி மாட்டவேண்டிய நாட்கள் அவை. "லைசென்ஸ் ஏதய்யா?" என்று தெலுங்கில் ஆரம்பித்தவர், வண்டியைப் பார்த்ததும் பாஷை எதுவும் வராமல் நின்றார். பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஓடுகிற சைக்கிளுக்குத்தான் வரி என்று எங்கும் எழுதவில்லை என்றார். நாளைக்கு ஊர் மதராஸ் பக்கம் போய்விட்டால் இந்த வில்லை அங்கே செல்லுமா என்று செங்கல்வராயன் கேட்டான். வண்டியே போகாதபோது வில்லை எங்கே போகும் என்று சொல்லி, பாலையா தன் கையாலேயே வில்லையை மாட்டிவிட்டுப் போனார்.

செங்கல்வராயன் சைக்கிளை வடக்குப் பார்த்து நிறுத்தினான். திருப்பதிக்காரன் திசை இல்லாமல் மிதிக்கிறான். நாம் காசிக்குப் போவோம் என்பது அவன் கணக்கு. எத்தனை மைலில் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, விடிந்ததும் ஏறி மிதிப்பான். மிதிக்கும்போதெல்லாம் எதிர்ச் சுவரில் சகலையின் முகம் தெரியும். அது முன்னால் ஒரு சைக்கிளில் போய்க்கொண்டே இருக்கும். இரும்புச் சக்கரத்திலிருந்து கிளம்பிய காற்றில் பக்கத்து வீட்டுத் துலுக்காணம் மூன்று மூட்டை நெல்லைத் தூற்றிக்கொண்டான். பத்தாம் நாள் நாயுடுபேட்டை வந்தது. செங்கல்வராயன் இறங்கும்போது அவன் காலில் நெடுஞ்சாலைப் புழுதி கணுக்கால்வரை ஒட்டியிருந்தது. ரத்தினம்மாதான் அதைக் கழுவிவிட்டாள்.

நாயுடுபேட்டையோடு அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. முட்டி வீங்கியது. கரும்பு வெட்டும் வேறு ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத் திருப்பதியிலிருந்து கார்டு வந்தது: "அண்ணாவுக்கு நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். மீட்டர் அறுநூறு." செங்கல்வராயன் அந்தக் கார்டை வைத்திருந்த சட்டைப் பையில் வட்டமாக ஒரு ஓட்டை கருகிப்போயிருந்தது. அந்தச் சட்டை நெடுநாள் கொடியில் தொங்கியது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்போதுதான் அதிசயம் நடந்தது. ஒருநாள் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தால், காலையில் அவன் விட்டுப்போன இடத்தைவிட மீட்டர் பதினைந்து மைல் தள்ளி நின்றது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நெல்லூரே கடந்துபோயிருந்தது. வேறு யாராவதாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். செங்கல்வராயன் பிறந்ததிலிருந்து மாட்டு வண்டி ஓட்டுகிறவன். சித்தூர்ச் சந்தையில் வெல்லத்தை இறக்கிவிட்டு அவன் வண்டியிலேயே படுத்துத் தூங்குவான்; மாடுகள் வழி தெரிந்து தாமாக வீடு வந்து சேரும். பத்து நாள் பழக்கினால் சைக்கிளுக்கும் வழி தெரிந்துவிடுகிறது, இதில் என்ன இருக்கிறது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். போகப் போகக் கரும்புச் சோகை கொஞ்சம் கொண்டுவந்து அதன் முன்னால் போட்டுவைத்தான். சைக்கிள் அதைத் தின்றதாகச் சொல்வதற்கில்லை.

மாசி மாதம் மாமனார் வீட்டில் பொங்கல் வைத்துப் பந்தி. கிருஷ்ணா நதியை எப்போதோ தாண்டி, கோதாவரியையும் தாண்டி, ஆயிரத்து நானூற்று இருபத்து மூன்று மைலோடு செங்கல்வராயன் போய் இறங்கினான். கோவர்த்தனனுக்குச் சரியாக ஆயிரம். செங்கல்வராயன் யாரும் சொல்லாமலே வலது இலையின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"அண்ணே, எழுந்திரு" என்றான் கோவர்த்தனன். "நானும் சித்தூர்ல விசாரிச்சேன். நீ வாங்கும்போதே நானூத்திப் பன்னெண்டு ஓடி இருந்திச்சாமே. அது எவனோ டாக்டரு மெறிச்சது. ஊரான் மைல எடுத்து மடியில கட்டிக்கினு வந்து குந்திக்கினு கீற."

"கழிச்சிக்கோ" என்றான் செங்கல்வராயன். "கழிச்சாலும் ஆயிரத்திப் பதினொண்ணு. பதினோரு மைலு நான் முன்னால கீறேன்."

நீ மிதித்ததற்கு யார் சாட்சி என்று அவன் கேட்க, நீ மிதித்ததற்கு யார் சாட்சி என்று இவன் கேட்க, சோறு ஆறிக்கொண்டிருந்தது. வீராசாமி எழுந்து துண்டை உதறினார். ஜில்லாவில் எந்த வழக்கு இழுபறியானாலும் கடைசியில் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். காணிப்பாக்கம் குளத்தில் முங்கி எழுந்து, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சொல்வதுதான் சொல். மீட்டர் மைல் முழுக்க என் காலால் மிதித்தது என்று எவன் சத்தியம் பண்ணுகிறானோ அவனுக்கு வலது இலை, பொங்கலை மூடிவையுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டி கட்டச் சொன்னார்.

காணிப்பாக்கத்தில் இரண்டு சகலைகளும் முங்கினார்கள். செங்கல்வராயன் முதலில் எழுந்தால் முதலில் சொல்லவேண்டி வருமே என்று தண்ணீருக்குள்ளேயே இருந்தான். கோவர்த்தனனும் அதே யோசனையில் இருந்தான். மதிய பூஜை மணி அடித்தபிறகுதான் இருவரும் வெளியே வந்தார்கள். சன்னதியில் நீர் சொட்டச் சொட்ட நின்றபோது செங்கல்வராயனுக்கு வாய் திறக்கவில்லை. வலது இலையின் வடை கண்ணுக்கு எதிரே தெரிந்தது. ஆனால் எதிரே இருந்தது பிள்ளையாரும்கூட. பக்கத்தில் பார்த்தான். கோவர்த்தனனும் உதட்டை நக்கிக்கொண்டு நின்றான். அந்த ஒரு கணம் சகலையின்மேல் செங்கல்வராயனுக்குப் பழைய பிரியம் வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஈரப் புடவை சலசலத்தது. ரத்தினம்மாவும் முங்கி எழுந்து வந்திருந்தாள்.

"நைனா, இவர வுடு" என்றாள் வீராசாமியிடம். "நாயுடுபேட்டை வரைக்கும் எழுபது மைலு இவர் மெறிச்சாரு. மிச்சம் நான். தீபாவளிக்கு வந்தவ கையில வளையலு தானா கழலுது கழலுதுன்னு காட்டிக்கினே இருந்தா ஒன் சின்ன மக. அம்மா அவளுக்கு மட்டும் ஒட்டியாணத்த எடுத்துப் போட்டுப் பாத்திச்சி. நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன்."

அலர்மேல்மங்கையும் ஈரத்தோடுதான் வந்து நின்றாள். "எங்க வூட்டுக்காரரும் எழுபதுதான். அக்காவுக்கு இடுப்பு சிறுத்துப் போச்சின்னு பொங்கலுக்குச் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் கீழ எறங்கவே இல்ல."

கோவர்த்தனன் வாயைப் பிளந்தான். தானாக ஏறிய மைலை ஏழுமலையான் செயல் என்று நினைத்து அவன் தினமும் சைக்கிளுக்குத் துளசி மாலை சாத்தி வந்திருந்தான்.

மாப்பிள்ளைகள் இருவரும் எழுபதுக்கு எழுபது சமம் என்று வீராசாமி தீர்த்தார். பெண்களில் ரத்தினம்மா பதினோரு மைல் முன்னால். ஆகவே நகரிக்குத் திரும்பி மூடிவைத்த பொங்கலைத் திறந்தபோது, வலது இலையில் ரத்தினம்மா உட்கார்ந்தாள், இடது இலையில் அலர்மேல்மங்கை. மாப்பிள்ளைகள் பரிமாறினார்கள்.

முதல் வடையைத் தன் கையாலேயே பெண்டாட்டியின் இலையில் வைக்கும்போது செங்கல்வராயனுக்கு வயிறு மறுபடியும் பொருமத்தான் செய்தது. அவள் அண்ணாந்து பார்த்து, இன்னொன்று வை என்றாள். வைத்தான். ஆனால் நிமிர்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மாமியார் பாயசத் தூக்கை அவனிடம் கொடுத்திருந்தாள்; கோவர்த்தனனுக்குக் கிடைத்தது மோர்த் தூக்கு. அதைக் கண்டதும் நாலு மாதமாக நெஞ்சில் இருந்த எரிச்சல் அடங்கி, செங்கல்வராயன் பந்தியின் கடைசிவரை பாயசத்தை மெதுவாக, சகலை பார்க்கும்படியாக ஊற்றிக்கொண்டே போனான்.